திரை திறக்காத லினக்ஸ்: கோளாறா, உரிமைச் சிக்கலா?

கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது. தட்டியதும் திரை ஒரு நொடி கறுக்கிறது. ஏதோ இரண்டு வரி வந்து மறைகிறது. பிறகு மறுபடியும் கடவுச்சொல் கேட்கும் அதே பக்கம். பத்து முறை தட்டினாலும் இதே கதைதான். கடவுச்சொல் தப்பென்றால் தப்பு என்று சொல்லியிருக்கும். இது உள்ளே விட்டுவிட்டு வெளியே தள்ளுகிறது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் பலரும் ஒரு முறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களின் தலைவலி மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15ல் தொடங்கியது. அதில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது, தமிழும் தெரியும். ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் பி.காம் மாணவர் வீட்டுக்குள் லினக்ஸ் நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. விண்டோஸ் தாங்காத பழைய கணினிக்கு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வதும் உண்டு. ஒரே கணினியை அக்காவும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்ளும் வீடுகள் நிறைய.

திரை வராவிட்டால் சர்வீஸ் கடைக்காரர் சுலபமாகச் சொல்லும் மருந்து "பார்மட் பண்ணிடலாம்". பார்மட் செய்தால் திரை வந்துவிடும். ஆனால் மூன்று மாதம் உட்கார்ந்து தட்டிய புராஜெக்ட் ரிப்போர்ட், அப்பாவின் படகுக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் போய்விடும். பல நேரம் அங்கே எதுவுமே கெட்டிருக்காது. ஒரே ஒரு சின்னக் கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முழு வழக்கும்.

லினக்ஸில் எந்தக் கோப்புக்கும் ஒரு உரிமையாளர், ஒரு குழு, மற்றவர் என்று மூன்று நிலை. விசைப்படகுக்கு உரிமையாளர், அதில் போகும் தொழிலாளர்கள், கரையில் நிற்கும் ஊரார் என்று இருப்பது மாதிரி. மூன்று நிலைக்கும் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று தனித்தனி அனுமதி. இவர்களுக்கெல்லாம் மேலே ரூட் என்று ஒருவர். அவரைத் தடுக்க யாருமில்லை.

படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்க வேண்டும். எக்ஸ் என்ற வரைகலைத் திரைக்கும் இப்படி ஒரு டோக்கன் உண்டு. ஒவ்வொரு முறை திரை தொடங்கும்போதும் புது ரகசிய எண் ஒன்று உருவாகி, வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைவுக் கோப்பில் எழுதப்படும். அந்த எண்ணைக் காட்டும் நிரல்தான் திரையில் ஜன்னல் திறக்க முடியும். கோப்பில் எழுத முடியவில்லை என்றால் டோக்கன் இல்லை, டோக்கன் இல்லையென்றால் திரை இல்லை.

எழுத முடியாமல் போவது எப்படி? யாரோ அவசரத்தில் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளைக்கு முன்னால் சூடோ சேர்த்துத் தட்டியிருப்பார்கள். உபுண்டு 19.10க்கு முந்தைய பதிப்புகளில், சூடோ போட்டாலும் வீட்டு அடைவு பயனருடையதாகவே இருக்கும். ஆகவே ரூட் எழுதிய கோப்பு உங்கள் வீட்டுக்குள் ரூட் பெயரிலேயே தங்கிவிடும். மறுநாள் நீங்கள் வந்தால் உங்கள் டோக்கனை உங்களாலேயே தொட முடியாது.

சரி, என்ன செய்யலாம்? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே அதே கடவுச்சொல் வேலை செய்தால் பாதி நிம்மதி. எல்எஸ் கட்டளையை எல், ஏ இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் மறைவுக் கோப்புகளும் அவற்றின் உரிமையாளர் பெயரும் தெரியும். எக்ஸ்அத்தாரிட்டிக்கு எதிரே உங்கள் பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தால் ஆள் அகப்பட்டார். சிஎச்ஓன் கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றிவிடலாம். ரூட் கடவுச்சொல் கையில் இல்லையா? பரவாயில்லை. அடைவு உங்களுடையது என்றால் எம்வி கட்டளையால் அந்தக் கோப்புக்கு வேறு பெயர் வைத்துவிடலாம். அடுத்த முறை புதுக் கோப்பு தானாகப் பிறக்கும்.

அது சரியாக இருந்தால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். டிஎஃப் கட்டளையில் வன்தட்டு 100 சதவீதம் நிரம்பியிருந்தாலும் இதே அறிகுறிதான், எழுத இடமில்லை. அடுத்து டிஎம்பி அடைவு. துறைமுகத்தில் யார் வேண்டுமானாலும் படகைக் கட்டலாம், அடுத்தவர் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. டிஎம்பிக்கு இருக்க வேண்டிய 1777 என்ற அனுமதிக்கு அதுதான் அர்த்தம். அது மாறியிருந்தால் எக்ஸ் தன் கயிற்றைக் கட்ட முடியாமல் திரும்பிவிடும்.

இங்கேதான் ஒரு ஆபத்தான அறிவுரை காதில் விழும்: "எல்லாத்துக்கும் 777 போட்டுடு." அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும், காசோலைப் புத்தகம் முழுவதும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் இது. கணினி முழுவதற்கும் அப்படிச் செய்தால் சூடோவே வேலை செய்ய மறுத்துவிடும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அதிகாரப் பட்டியலை அது நம்பாது. அதன் பிறகு கடைக்காரர் சொன்ன பார்மட்தான் மிஞ்சும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. லினக்ஸுக்குப் பெயர் முக்கியமில்லை, எண்தான் முக்கியம். ரேஷன் கார்டு மாதிரி. டெபியனிலும் உபுண்டுவிலும் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழைய கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் புதிதாகப் போட்டு, முதலில் தம்பி பெயரைப் பதிந்தால் 1000 அவனுக்குப் போகும். அக்காவின் கோப்புகள் அத்தனையும் தம்பி பெயரில் நிற்கும்! அக்கா தன் பெயரில் உள்ளே நுழைந்தால் வீடே அவளுடையதில்லை, திரை எப்படி வரும்? அக்காவின் வீட்டு அடைவையும் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் சிஎச்ஓன் கட்டளையால் அவள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

இன்றைய உபுண்டுவில் எக்ஸ் இருந்த இடத்துக்கு வேலாண்ட் வந்துவிட்டது. டோக்கன் வைக்கும் இடமும் மாறியிருக்கிறது. ஆனால் வீட்டு அடைவு ரூட் பெயரில் இருந்தால் வேலாண்டும் நொண்டும்.

ஆகவே கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு பத்து நிமிடம். கெட்டுப்போனது எது என்று தேடாமல், இது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பூட்டை உடைக்க வேண்டாம், கதவைக் கழற்றிப் போடவும் வேண்டாம். சாவியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தால் போதும். ரிப்போர்ட்டும் பிழைக்கும், அப்பாவின் கணக்கும் பிழைக்கும் :-)