அம்மிக்கல்லின் எடை

செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னமும் கால் தயங்கும். போன மாதம் எழும்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் அப்படிப் படுத்திருந்தார். இரண்டு செருப்பையும் சேர்த்து வைத்து, மேலே துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தார். செருப்பும் களவு போகாது, தலையணையும் ஆச்சு. நான் பார்த்தது அவரை அல்ல. பக்கத்தில் பெரிய கல் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் இது. கல்கத்தாவில் பிடித்தது.

அப்போது அது கல்கத்தாதான். கொல்கத்தா ஆனது 2001இல். வேலை கிடைத்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹௌரா போய் இறங்கியவன், யாரோ எழுதிக் கொடுத்த முகவரியோடு லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ் மெஸ்ஸில் அடைக்கலமானேன். முருங்கைக்காயும் வாழையிலையும் காபிப்பொடியும் கிடைக்கிற கல்கத்தா அது. ஒரு தெருவில் மீன் வாசனை, அடுத்த தெருவில் சாம்பார் வாசனை. சத்யஜித் ராய் தன் துப்பறிவாளர் ஃபெலுதாவைக் குடிவைத்த ரஜனி சென் ரோடும் தெற்குக் கல்கத்தாவில்தான் இருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னை அங்கே கூட்டிப்போய்க் காட்டியவர் மாமா.

அவர் எனக்கு மாமா இல்லை. மெஸ்ஸில் எல்லோருக்கும் மாமா. ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. ஊருக்கு வந்து முப்பது வருஷம். கட்டை பிரம்மச்சாரி. பெங்காலியைத் தஞ்சாவூர் நீட்டலோடு பேசுவார், ஆனால் சரளமாகப் படிப்பார். ஷரதிந்து பந்தோபாத்யாயின் ப்யோம்கேஷ் கதைகள் அவர் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் இருக்கும். “டிடெக்டிவ்னு சொன்னா அவனுக்குப் பிடிக்காது. சத்யான்வேஷின்னு சொல்லணும், உண்மையைத் தேடறவன்” என்பார், ஏதோ பக்கத்து அறைக்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. ப்யோம்கேஷும் முதல் கதையில் ஒரு மெஸ்ஸில்தான் இருந்தான் என்பதில் மாமாவுக்குத் தனிப் பெருமை.

1989 ஜூனில் முதல் கொலை. நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தலையில் கனத்த கல்லையோ காங்கிரீட் பாளத்தையோ தூக்கிப் போட்டிருந்தார்கள். நகரத்தில் எத்தனையோ சாவு, அதில் இதுவும் ஒன்று என்றுதான் போயிருக்கும். இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக வந்தபோதுதான் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘ஸ்டோன்மேன்’ என்று பேர் வைத்தன. ஆறு மாதத்தில் பதின்மூன்று பேர். எல்லோரும் தெருவில் படுத்தவர்கள்.

மாமா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். பத்திரிகைத் துணுக்குகளைச் சோற்றுப் பசையால் ஒட்டினார். கட்டிலுக்கு மேலே ஒரு கல்கத்தா வரைபடம் ஏறியது. ஒவ்வொரு இடத்துக்கும் சிவப்பு மையில் ஒரு புள்ளி. ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நிற்பார். அமாவாசையா, எத்தனை மணிக்கு மழை, அன்றைக்கு லோட்ஷெடிங் எத்தனை மணி நேரம் என்றெல்லாம் எழுதுவார். மழை வலுத்தால் தெருவாசிகள் பழைய கட்டடங்களின் ‘காடி பாராந்தா’வுக்குக் கீழே, நடைபாதைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முகப்புகளுக்கு அடியில் ஒதுங்குவார்கள். அன்றைக்கு அவனுக்கு ஆள் தனியாக அகப்படாது என்று ஒரு கணக்கு. மெட்ரோவுக்காக நகரத்தின் நடுப்பகுதியைத் தோண்டிப் போட்டிருந்த காலம். கல்லுக்கா பஞ்சம் என்று ஒரு குறிப்பு.

ஆடி பிறந்திருந்தது. ஒரு ராத்திரி, சாப்பாட்டுக் கடை முடிந்ததும் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

“டேய், அந்த அம்மியைத் தூக்கு பார்ப்போம்.”

“எதுக்கு மாமா?”

“நெஞ்சு மட்டும் தூக்கிண்டு பத்து அடி நடக்கணும். செருப்பு இல்லாம. சத்தம் வரப்படாது.”

தூக்கினேன். அம்மியின் அடிப்பக்கத்தில் கை வைத்தபோது பழைய மிளகாய் விழுது பிசுபிசுத்தது. முழங்கால் வரை சுலபமாக வந்தது. வயிற்றுக்கு மேல் ஏறவில்லை. மூச்சு நின்று ஏதோ ஒரு முனகல் வந்தது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டுக்காரரான சமையல்காரர் கை கழுவிவிட்டு வந்து, “அம்மியை மிதிக்கறது கல்யாணத்துக்கு. நீங்க ரெண்டு பேரும் என்ன காரியத்துக்குத் தூக்கறேள்?” என்று கத்தினார். “ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லியிருக்கா ஓய்” என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் படுக்கப் போய், உள்ளங்கையில் மிளகாய் எரிச்சலோடு, இதே கனத்தைத் தூங்குகிறவன் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவனை நினைத்தேன். விடியும்வரை தூக்கம் இல்லை. மாமா மட்டும் நோட்டில் எழுதினார்: ‘முனகல் வரும். பக்கத்தில் ஆள் இருந்தால் விழித்துக்கொள்வான்.’

பம்பாயில் இதுபோல் முன்பே நடந்திருந்தது. 1985 முதல் 87 வரை சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும், தனியாகப் படுத்தவர்களைத் தேடித் தேடி, முப்பது கிலோ வரை கனமுள்ள கல்லால். குறைந்தது பன்னிரண்டு பேர். கிங்ஸ் சர்க்கிள் என்றால் மாட்டுங்கா, மாட்டுங்கா என்றால் நம் ஆட்கள். அங்கே இருந்த ஒன்றுவிட்ட தம்பிக்கு மாமா இன்லாண்ட் லெட்டர் போட்டு விவரம் கேட்டார். ‘அண்ணா, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று பதில் வந்தது. அதே ஆள்தான் ரயிலேறி வந்தானா, செய்தி படித்துவிட்டு வேறொருவன் கிளம்பினானா? இரண்டு ஊர்ப் போலீசும் இதற்கு விடை சொன்னதில்லை.

எனக்கு அதுவரை தெரிந்த துப்பறியும் உலகம் டீக்கடையில் தொங்கும் மாத நாவல்தான். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்கம் சொல்லிவிடுவார்கள். விடை இல்லாத கொலை மனுஷனை என்ன செய்யும் என்று சொல்கிற வகையறா எனக்குப் பின்னால்தான் கிடைத்தது. ஜேம்ஸ் எல்ராயின் ‘பிளாக் டாலியா’ 1987இல் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1947இல் கொலையான எலிசபெத் ஷார்ட் என்ற பெண் இரண்டு போலீஸ்காரர்களின் வாழ்க்கையைத் தின்றுவிடுவாள். எல்ராயின் அம்மாவும் 1958இல் கொலையானவர். அந்த வழக்கும் முடியவில்லை. அழகான பெண்ணின் பிணம் என்றால் மனம் பறிகொடுக்கத் துப்பறிவாளர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று அதைப் படித்தபோது கொஞ்சம் எரிச்சலாகத்தான் நினைத்தேன். செருப்பைத் தலைக்கு வைத்த ஆளுக்கு யார் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள்? மாமாவைத் தவிர?

கல்கத்தாவிலேயே பாருங்கள். 1868இல் அமெர்ஸ்ட் தெருவில் ரோஸ் பிரவுன் என்ற பெண் கொலையாகிக் கிடந்தாள். அந்த வழக்கு கிளப்பிய பரபரப்பில்தான் கமிஷனர் ஸ்டூவர்ட் ஹாக் அதே வருஷம் நவம்பரில் துப்பறியும் இலாகாவையே தொடங்கினார். போலீஸ் தலைமையகமான லால்பஜாரின் அந்தப் பிரிவுதான் 121 வருஷம் கழித்துக் கல்லெறிந்தவனைத் தேடியது. சந்தேகத்தில் பலரைப் பிடித்து விசாரித்தார்கள், ஆதாரமில்லாமல் விட்டார்கள். கொலைகளும் அத்தோடு நின்றன. யார் மீதும் குற்றப்பத்திரிகை இல்லை.

மாமாவுக்கு லக்ஷ்மிகாந்தன் வழக்கும் பாதியில் நின்ற கதைதான். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பத்திரிகைக்காரரைக் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் நடிகர்கள் பாகவதரும் என்.எஸ்.கே.யும் சிறைக்குப் போய், பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947இல் விடுதலையாகி வந்தார்கள். அப்படியானால் கொன்றது யார்? எல்லோரும் கேட்கிற கேள்வி அது. மாமா ஒருநாள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே வேறு கேள்வி கேட்டார். “அந்த ரிக்‌ஷாக்காரன் என்னடா ஆனான்?”

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு கை ரிக்‌ஷாக்காரர் இருந்தார். பீகார்க்காரர். விரலில் மணியை மாட்டிக்கொண்டு வண்டியின் கட்டையில் தட்டுவார், அதுதான் ஹாரன். ராத்திரி வண்டிக்குப் பக்கத்திலேயே படுக்கை, தலைக்குச் செருப்பு. கொலைகள் தொடங்கிய பிறகு கீழே படுப்பதை விட்டார். வண்டியின் சீட்டில் கால் மடக்கி உட்கார்ந்து, மணியைக் கையில் பிடித்தபடி தூங்கினார். தூக்கத்தில் கை அசைந்தால் டங் என்று ஒரு சத்தம் கேட்கும். லோட்ஷெடிங் இருட்டில் அந்தச் சத்தம் கேட்டால்தான் மாமா விளக்கை ஊதி அணைப்பார்.

காளி பூஜை முடிந்த வாரம் மணிச் சத்தம் நின்றது. ஒருநாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் மாமா என்னையும் இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மேஜையில் இருந்தவர் மரியாதையாகவே நாற்காலி காட்டினார், பேனாவைத் திறந்தார்.

“நாம் கீ?”

பேர் என்ன? மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். பத்து வருஷமாக அவர் வண்டியில் ஏறியவர் மாமா. கல்லின் எடை, மழையின் நேரம், சந்திரன் உதிக்கும் மணி எல்லாம் நோட்டில் இருந்தன. மேஜைக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பேனாவை மூடினார். திரும்பி வரும்போது மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. ராஸ்பிஹாரி அவென்யூவில் டிராம் போகும்வரை நின்றோம். அது போன பிறகும் நின்றோம்.

பத்து நாள் கழித்து ஆள் வந்து சேர்ந்தார். சட் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தாராம். மாமாவின் கையில் நாலு டேக்குவா கொடுத்தார். வெல்லமும் கோதுமையும் நெய்யும் மணக்கிற கெட்டிப் பலகாரம் அது. கடித்தால் பல் வலிக்கும். மாமா அங்கேயே நின்று ஒன்றைக் கடித்துத் தின்றார்.

தென்கொரியாவிலும் இப்படி விடை தெரியாமல் கிடந்த ஹ்வாசோங் கொலைகளைப் பற்றி போங் ஜூன் ஹோ 2003இல் ஒரு படம் எடுத்தார். கடைசியில் துப்பறிவாளன் நேராக நம்மைப் பார்ப்பான், கொலைகாரனும் தியேட்டரில் இருக்கலாம் என்று. 2019இல் பழைய தடயத்தின் டி.என்.ஏ.வைக் கொண்டு ஆளையே கண்டுபிடித்தார்கள், வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு மாமாவுக்கு போன் செய்ய வேண்டும்போல் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து அப்போதே பல வருஷம்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. பசை காய்ந்து துணுக்குகள் உதிர்கின்றன. பதின்மூன்று புள்ளிக்கும் பதின்மூன்று வரிசை: தேதி, இடம், கிழமை, மழை. ‘பெயர்’ என்ற கட்டத்தை ஓரத்தில் பின்னால்தான் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறார், மை வேறு. அதில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பதினாலாவதாக ஒரு வரிசை உண்டு. புள்ளி கிடையாது, தேதி கிடையாது. ரிக்‌ஷாக்காரரின் பேர், அவர் அப்பா பேர், கிராமம், தபால், ஜில்லா எல்லாம் மாமாவின் குண்டு எழுத்தில். கடைசிக் கட்டத்தில், ‘ஊரிலிருந்து வந்துவிட்டார். இடது கால் செருப்பு வார் அறுந்திருக்கிறது, தைக்கக் கொடுத்திருக்கிறேன்.’