குழந்தைகளுடன் அலாஸ்காக் கடலில்

குழந்தை குட்டிகளோடு உல்லாசக் கப்பலில் பிரயாணம் செய்வது என்று ஒருவர் தீர்மானித்துவிட்டால், உடனே அவருடைய வீடு ஒரு கப்பல் கம்பெனியின் காரியாலயமாக மாறிவிடுகிறது. எந்தக் கப்பலில் எத்தனை நீச்சல் குளம், எந்த அடுக்கில் அறை, எந்த வேளைக்கு என்ன சாப்பாடு என்று மாதக் கணக்கில் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால், துறைமுகத்தில் இறங்கிய பிறகு என்ன செய்வது என்ற விஷயத்தை மட்டும் பெரும்பாலோர் கடைசி நாளைக்கு ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

கப்பல் எப்படிப்பட்டதானாலும் குழந்தைகள் அதில் சந்தோஷமாகவே இருப்பார்கள். ஏணிப்படியும் நீளமான நடையும் வட்டமான ஜன்னலும் இருந்தால் அவர்களுக்கு அதுவே சுவர்க்கம். அவர்கள் அழுவதும், அதைக் கண்டு தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் கோபித்துக் கொள்வதும் பெரும்பாலும் கரையிலேதான். ஆகையால், சாமர்த்தியமெல்லாம் கரையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. இதை விளக்குவதற்கு அலாஸ்காப் பிரயாணத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள அலாஸ்காவை 1867-இல் ருஷ்யச் சக்கரவர்த்தியிடமிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டார் 72 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தப் பூமியில் வாழ்ந்து வந்த ஜனங்களை அப்போது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1959-இல் அது ஐக்கிய நாடுகளின் 49-ஆவது ராஜ்யமாயிற்று. அதன் தென்கிழக்குப் பகுதி வால்போல் நீண்டு, கனடாவின் மலைகளுக்கும் பஸிபிக் சமுத்திரத்துக்கும் நடுவே கிடக்கிறது. அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள் சமுத்திரத்தின் அலைகளைத் தடுத்து நிறுத்துகின்றன. தீவுகளுக்கும் கரைக்கும் இடையில் உள்ள அமைதியான நீர்ப்பாதையை 'உள்வழி' என்று அழைக்கிறார்கள். ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரையில் உல்லாசக் கப்பல்கள் இந்த வழியே போய் வருகின்றன. ஒரு சுற்றுக்குச் சாதாரணமாக ஏழு நாள்.

முதல் கேள்வி, எங்கே கப்பல் ஏறுவது என்பது. கனடாவில் உள்ள வாங்கூவரிலிருந்தும் கப்பல்கள் புறப்படுகின்றன. ஐக்கிய நாடுகளில் உள்ள ஸியாட்டிலிலிருந்தும் புறப்படுகின்றன. வாங்கூவர் கப்பல்கள் முதல் நாளே தீவுகளின் மறைவில் நுழைந்துவிடுகின்றன. ஸியாட்டில் கப்பல்களில் பெரும்பாலானவை வாங்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த சமுத்திரத்தில் போகின்றன. தலைச்சுற்றலும் வாந்தியும் வரக்கூடிய குழந்தைகளுக்கு முன்னதே உத்தமம். எதில் ஏறினாலும், கப்பலின் நடுப்பாகத்தில் தாழ்ந்த அடுக்கிலுள்ள அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டால் ஆட்டம் குறைவாக இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கையான சட்டத்தையும் சொல்ல வேண்டும். அந்நியக் கொடி பறக்கும் கப்பல், ஐக்கிய நாடுகளின் துறைமுகங்களுக்குள்ளேயே பிரயாணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-இல் அந்நாட்டார் சட்டம் செய்தார்கள். தங்கள் நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பதே நோக்கம். பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே, ஸியாட்டிலிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் கப்பல், நடுவில் ஓர் அந்நிய நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். இதற்காகவே பல கப்பல்கள் கடைசி நாள் மாலையில் கனடாவின் விக்டோரியா நகரில் சில மணி நேரம் நிற்கின்றன. குழந்தைகள் தூங்கும் நேரம் அது. அன்று கரையில் இறங்காமலே இருந்துவிடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால், இந்தியப் பிரஜைகள் எந்த வழியில் போனாலும் இரண்டு நாட்டு அநுமதியையும் முன்கூட்டியே பெற்றுக் கொள்வது அவசியம்.

கப்பலைப் பற்றிப் பெற்றோர் விசாரிக்க வேண்டியவை மூன்றே. முதலாவது வயது. பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாதம் நிரம்பாத சிசுவை ஏற்றுவதில்லை. இரண்டாவது, குழந்தைகளின் விளையாட்டுக் கூடம். சாதாரணமாக மூன்று வயது நிரம்பி, மல ஜலத்துக்குத் தாமே சொல்லத் தெரிந்த குழந்தைகளையே அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கும் சிறிய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடம் சில கப்பல்களில்தான் உண்டு. துணி கட்டிய குழந்தைகளைப் பொது நீச்சல் குளத்தில் விடுவதுமில்லை. மூன்றாவது ஆகாரம். சைவ உணவு வேண்டுமென்று முன்னதாகவே எழுதிக் கேட்டால் அநேகமாகக் கிடைக்கும். சமையல் அறையில் நம் தேசத்தார் யாராவது இருந்துவிட்டால், தயிர் சாதத்துக்குக்கூடக் குறைவிராது!

இனிக் கரைக்கு வருவோம். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பத்து, இருபது கரைப் பிரயாணங்களைக் கம்பெனியார் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். ஹெலிகாப்டரில் ஏறிப் பனியாற்றின் மேல் இறங்குவது, நாய்கள் இழுக்கும் வண்டியில் சவாரி, படகு, ரயில் என்று ஆசை காட்டுகிறார்கள். இவற்றைத் தரம் பிரிப்பதற்கு மூன்று அளவுகோல்கள் போதும்: குழந்தையின் கால், குழந்தையின் வயிறு, குழந்தையின் தூக்கம். எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? வழியில் உண்ணவும் ஒதுங்கவும் இடமுண்டா? பகல் தூக்கத்துக்கு முன் திரும்பிவிடலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தால் போகலாம். ஹெலிகாப்டர் சவாரிக்கு ஒரு தலைக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகிறது. மூடுபனி இறங்கினால் அதுவும் ரத்து. அதைக் குழந்தைகள் வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மற்றொரு விதி கடிகாரத்தைப் பற்றியது. கப்பல் புறப்படுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். கம்பெனி ஏற்பாடு செய்த பிரயாணத்தில் தாமதம் நேர்ந்தால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக வண்டி பிடித்துப் போனவருக்குக் காத்திராது. ஆகவே, தூரத்து இடங்களுக்குக் கம்பெனியின் ஏற்பாட்டிலும், கூப்பிடு தூரத்து இடங்களுக்குச் சொந்த ஏற்பாட்டிலும் போவது விவேகம்.

கெட்சிகன் என்ற ஊரில் கூப்பிடு தூரமே போதும். ஆனால், கப்பல் நகரின் துறையில் நிற்கிறதா, சில மைல் வடக்கே உள்ள வார்டு கோவில் நிற்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னதானால் பஸ்ஸில் வர வேண்டியிருக்கும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 55 அங்குலம் மழையென்றால், இங்கே சுமார் 150 அங்குலம்! குடையை மறந்தாலும் குழந்தைகளின் மழைச் சட்டையை மறக்கலாகாது. ஊருக்கு நடுவே ஓடும் ஓடையில், ஜூலை முதல் செப்டம்பர் வரையில், ஸால்மன் மீன்கள் கடலிலிருந்து எதிர் நீச்சலடித்து மேலேறுவதைக் காணலாம். தாங்கள் பிறந்த நீருக்கே திரும்பி வந்து முட்டையிட்டு அவை உயிர் விடுகின்றன. எங்களுடன் வந்த நாலு வயதுப் பையன், அந்தப் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றான். அதற்கு ஒரு காசு செலவில்லை.

அந்த ஊரிலே பழைய மரத் தூண்களின் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. கைவிடப்பட்ட கிராமங்களிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தூண்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. டிலிங்கிட், ஹைடா என்ற பூர்விக ஜனங்கள் தேவதாரு மரத்தில் கழுகு, அண்டங்காக்கை, கரடி, திமிங்கிலம் முதலிய உருவங்களைச் செதுக்கி நிறுத்தியவை அவை. வெளியிலிருந்து வந்தவர்கள் இவற்றை விக்கிரகங்கள் என்று தவறாக நினைத்தார்கள். உண்மையில் அவை குல சரித்திரங்கள். எழுத்துக்குப் பதிலாக உருவங்களால் எழுதியவை. இந்த ஜனங்களின் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2014-இல்தான் அலாஸ்காச் சர்க்கார் இருபது பூர்விக பாஷைகளையும் ராஜ்யத்தின் பாஷைகளாக ஏற்றுச் சட்டம் செய்தார்கள். தாய்மொழியின் அருமையைக் குழந்தைகளுக்குச் சொல்வதற்கு இதைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது.

அடுத்தது தலைநகரமான ஜூனோ. வெளியூர்களிலிருந்து இந்த நகரத்துக்குச் சாலையே கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் வரவேண்டும். துறையிலிருந்து சுமார் 12 மைல் தூரத்தில் மெண்டன்ஹால் பனியாறு இருக்கிறது. அதன் எதிரிலுள்ள நகெட் அருவிக்குப் போக ஒரு மைல் சமதரையான பாதை. ஏழு வயதுப் பெண் ஓடியே போய்விடுவாள். அதைவிடச் சிறியவர்களுக்கு, தள்ளு வண்டியே போகக்கூடிய குறுகிய பாதை ஒன்றும் உண்டு. கரடிகள் நடமாடும் இடமாகையால் வெளியில் தின்பண்டம் கொண்டு போகக் கூடாது. பஸ் ஏறுமுன்பே வயிற்றைக் கவனித்துவிட வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் பனியாற்றிலிருந்து திடீர் வெள்ளம் வருவது சமீப வருஷங்களில் வழக்கமாகிவிட்டதால், அம்மாதம் போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் இங்கே உண்டு. பனியாறு, திமிங்கிலம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று விளம்பரம் சொல்லும். பெரியவர்கள் பார்க்கலாம், குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நலம்.

ஸ்காக்வேயில் தேர்வு சுலபம். அங்கே ரயில் இருக்கிறது. 1896-இல் கனடாவின் குளோண்டைக் பிரதேசத்தில் தங்கம் அகப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் இந்த ஊர் வழியே மலையேறினார்கள். ஒரு வருஷத்துக்கு வேண்டிய சாமான்களைச் சுமந்து வந்தவர்களை மட்டுமே கனடா அதிகாரிகள் எல்லையில் அநுமதித்தார்கள். சுமை இழுத்துச் செத்த குதிரைகள் சுமார் மூவாயிரம் என்கிறார்கள். 1898-இல் ஆரம்பித்து 1900-இல் முடித்த ரயில் பாதை, மூன்றடி அகலமே உள்ளது. இருபது மைலில் 2,865 அடி உயரத்துக்கு ஏறுகிறது. போய்வர மூன்று மணிக்கும் குறைவு. நடக்க வேண்டியதில்லை, மழையில் நனைய வேண்டியதில்லை, தூக்கம் வந்தால் மடியிலே தூங்கலாம். மூன்று அளவுகோல்களும் ஒருங்கே பொருந்தும் பிரயாணம் இது.

ஆனால், இந்த யாத்திரையின் சிகரமான காட்சிக்குக் கரையில் இறங்கவே வேண்டாம். அதுதான் கிளேசியர் பே என்னும் பனியாற்று விரிகுடா. ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அங்கே அநுமதியில்லை. இந்த விரிகுடாவுக்குள் போகிற கப்பல்தானா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் குளங்களை எண்ணுவதைவிட இது முக்கியம். தேசியப் பூங்காவின் அதிகாரிகள் காலையில் கப்பலிலேயே ஏறி, குழந்தைகளுக்கும் விளங்கும்படி கதை சொல்கிறார்கள். மார்ஜரிப் பனியாற்றின் முகப்பு ஒரு மைல் அகலம். நீருக்கு மேல் 250 அடி உயரம். வெள்ளையும் நீலமுமாக நிற்கும் அந்தச் சுவரிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து கடலில் விழுகிறது. சிறிது பொறுத்துத்தான் இடிமுழக்கம் கேட்கிறது. "அப்பா, விழுந்த பிறகு ஏன் சத்தம் வந்தது?" என்று ஏழு வயதுப் பெண் கேட்டாள். ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள வேகத்தின் பேதத்தை அன்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப் புத்தகம் தேவையாயிருக்கவில்லை.

அந்த விரிகுடாவின் சரித்திரத்தையும் குழந்தைகள் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கே ஹூனா டிலிங்கிட் ஜனங்களின் கிராமங்கள் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களை விரட்டிவிட்டது. 1794-இல் வாங்கூவரின் கோஷ்டியார் வந்தபோது விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனியாகவே இருந்தது. 1879-இல் ஜான் மியூர் வந்தபோது பனி 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916-இல் சுமார் 60 மைல். அப்போது நடந்தது பெரும்பாலும் இயற்கையின் ஏற்ற இறக்கம். இப்போது அலாஸ்காவின் பனியாறுகள் உருகுவதற்கு, மனிதன் எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும் காரணம். நம்மை அங்கே கொண்டுபோகும் கப்பலும் எண்ணெய் எரித்துத்தான் போகிறது. இதைக் குழந்தைகளிடம் மறைப்பதில் பயனில்லை. துரத்தப்பட்ட ஜனங்கள் மட்டும் தங்கள் ஊரை மறக்கவில்லை. 2016-இல் விரிகுடாவின் வாயிலருகே, முன்னோர் முறைப்படி ஒரு குல மாளிகையை எழுப்பித் திறந்தார்கள்.

விருந்தாளிக்கும் ஒரு தர்மம் உண்டு. சுமார் 32,000 ஜனங்கள் வாழும் ஜூனோவுக்கு 2023-இல் மட்டும் 16 லட்சத்துக்கு மேற்பட்ட கப்பல் பிரயாணிகள் வந்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்று நகரத்தாரும் கம்பெனியாரும் உடன்பட்டு, 2024 முதல் அதை அநுசரிக்கிறார்கள். ஆகவே, எந்தெந்த நாளில் எத்தனை கப்பல்கள் வருகின்றன என்ற பட்டியலைப் பார்த்து, கூட்டம் குறைந்த நாளில் போகும் கப்பலைத் தேர்ந்தெடுப்பது ஊராருக்கும் நல்லது, நமக்கும் நல்லது. ஹூனா ஜனங்களுடைய ஸ்தாபனமே நடத்தும் ஐஸி ஸ்டிரெயிட் பாயிண்டு போன்ற துறையில் நிற்கும் கப்பல் கிடைத்தால் இன்னும் விசேஷம். அங்கே நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்காவது அந்த மண்ணுக்குரியவர்களைச் சேரும்.

ஒரு துறைமுகத்துக்கு ஒரே காட்சி. அதுவும் குழந்தையின் காலுக்கும் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் ஏற்ற காட்சி. இவ்வளவுதான் சூத்திரம். இப்படிச் செய்தால் பத்து இடங்களில் ஆறு இடங்கள் விட்டுப்போகும் என்று பெரியவர்களுக்கு மனக்குறை தோன்றலாம். பத்தையும் காட்டினால் குழந்தைகளுக்கு நினைவிலிருப்பது பஸ்ஸின் முதுகுதான். நாலைக் காட்டினால் ஒரு மீனும், ஒரு தூணும், ஒரு ரயிலும், கடலில் விழுந்த நீலப் பனியின் இடிமுழக்கமும் ஆயுள் பரியந்தம் நிற்கும். அந்தப் பனிச் சுவர் அவர்களுடைய குழந்தைகள் போகிற காலத்தில் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்குமோ! பார்த்தவர்கள் சொல்வதற்காவது, நின்று நிதானமாகப் பார்த்திருக்க வேண்டாமா?