முதுகில் இரண்டு பல்

மூதூர், 2020 ஜூன் 6, சனி

அல்லை வாய்க்கால் தண்ணீரில் சிறுபோக நெல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. கச்சான் காற்றில் வரம்பு மண் மட்டும் வெடித்துக் கிடக்கிறது. கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியிருப்பதால் மகளும் கிளிவெட்டிப் பக்கத்து வயலுக்கு என்னோடு வந்தாள். அவள் கால் வைத்த இடத்திலிருந்து கரி நிற வெட்டுக்கிளி ஒன்று எழுந்தது. எழுந்த கணம் மஞ்சள் பளிச்சிட்டது. பத்தடி தள்ளி இறங்கியதும் மஞ்சளையும் காணோம், பூச்சியையும் காணோம்.

"வாப்பா, டீவியில காட்டின வெட்டுக்கிளியா இது?"

நான் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் பக்கத்து வயல்காரருக்கும் அதே பயம். ராஜஸ்தானில் இறங்கிய கூட்டமும், போன மாதம் குருநாகல் மாவத்தகமவில் வந்ததும் அவருக்கு ஒன்றுதான். மருந்து வாங்கி வைத்துவிட்டார். "திங்கள் வரைக்கும் பொறுங்க காக்கா" என்றேன்.

ஜூன் 7, ஞாயிறு

விடியற்காலைக் குளிரில் வெட்டுக்கிளிக்குச் சுறுசுறுப்பு இருக்காது. சிரட்டையால் மூடிப் பிடித்துக் கண்ணாடிப் போத்தலில் விட்டோம். மகள் அடிமட்டம் வைத்து அளந்தாள்: 2 செ.மீ.

ராஜஸ்தானில் இறங்கிய பாலைவன வெட்டுக்கிளி வளர்ந்தால் சுமார் 5 செ.மீ. இருக்கும். இதன் சிறகுகள் முழுதாக வளர்ந்திருப்பதால் குஞ்சென்றும் சொல்ல முடியாது. ஆகவே அது அல்ல.

மாவத்தகமவில் வந்தது மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளி. அதுவும் கறுப்புதான், ஆனால் உடல் தடித்தது, தொட்டால் நுரை கக்கும். அதன் மஞ்சள் முன்சிறகின் மேலேயே புள்ளி புள்ளியாக எந்நேரமும் தெரியும்: என்னைத் தின்னாதே என்று பறவைகளுக்குச் சொல்லும் எச்சரிக்கை. எங்கள் போத்தலில் இருப்பதோ மஞ்சளைப் பின்சிறகில் மடித்து ஒளித்து வைத்திருக்கிறது. துரத்தும் பறவை மஞ்சளைத் தேடும்போது, இது சிறகை மூடி மண்ணோடு மண்ணாகிவிடும். நிறம் ஒன்று; ஒன்றுக்கு அது எச்சரிக்கை, மற்றதற்கு ஏய்ப்பு.

ஜூன் 8, திங்கள்

பூதக்கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னால் முதுகு மேட்டில் இரண்டு பல் போன்ற துருத்தல்கள், பின்கால்களில் வெளிறிய வளையங்கள். சந்தேகம் தீர்ந்தது: டிரைலோபிடியா அன்னுலாட்டா. அன்னுலாட்டா என்றால் வளையமுள்ளது. 1815 இல் இந்த இனத்தை விவரித்த இயற்கையியல் அறிஞர் துன்பெர்க், 1777-78 இல் இலங்கையில் தங்கித் திரிந்தவர். வெறுந்தரையில் வாழ்ந்து புல் தின்னும் பூச்சி இது. கூட்டமாகக் கிளம்பி ஊரை அழிக்கும் இனமல்ல.

காக்கா போத்தலை வெயிலுக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இது நம்மட வரம்புப் பூச்சியெல்லோ! சின்ன வயசில பிடிச்சு விளையாடினது." மருந்தை அடித்திருந்தால் இதோடு, நெற்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் தும்பியும் செத்திருக்கும். மருந்துப் போத்தலைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மகள் எங்கள் போத்தலைத் திறந்தாள். மஞ்சள் எழுந்தது, மறைந்தது. இந்த முறை அவள் மஞ்சளைத் தேடவில்லை. அது மறைந்த இடத்து மண்ணையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், விரல் நீட்டிச் சொன்னாள்: "அந்தா இருக்கு, வாப்பா."