பலகையிற் பதிந்த எண்

பிறந்த குழந்தைக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் உண்டு. அச்சேறிய நூலுக்கு ஆண்டு பொறித்த முகப்பேடு உண்டு. இவை கைவசம் இருக்கும்வரை வயது என்பது ஒரு வினாவாகவே எழுவதில்லை. பத்திரம் தொலைந்து, முகப்பேடு கிழிந்து, பொருள் மட்டும் எஞ்சி நிற்கும்பொழுதே 'இது எக்காலத்தது? யார் செய்தது?' என்னும் கேள்வி உயிர்பெறுகின்றது. அக்கேள்விக்கு விடை தேடுவோனுக்கு அவனுடைய விருப்பமே பெரும்பாலும் முதற் பகையாகிவிடுகின்றது. பழைய மோட்டர்ப் படகொன்றின் வகையையும் வயதையும் அறிய முனையும் முயற்சி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே, சென் கிளயர் ஆற்றங்கரையில், அல்கொனாக் என்னும் சிற்றூர் உள்ளது. கிறிஸ்தோபர் கொலம்பஸ் சிமித் என்பவர் வாத்து வேட்டைக்காரருக்கான சிறு படகுகளை இங்கு கட்டத் தொடங்கினார். பின்னர் அவரும் அவர் மைந்தரும் வளர்த்த தொழிலே கிறிஸ்-கிராப்ட் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்படலாயிற்று. செல்வர் சிலருக்கே உரியதாயிருந்த வேகப் படகைத் தொடர் உற்பத்தியின் மூலம் மற்றையோர்க்கும் எட்டச் செய்த நிறுவனங்களுள் இது தலையாயது. சிமித் 1939இல் மறைந்தார். 1942இல் பொதுமக்களுக்கான உற்பத்தி நின்றுபோக, அவருடைய தொழிற்சாலைகள் படையினரைக் கரையிறக்கும் கலங்களைக் கட்டின. போர் ஓய்ந்த பின்னரே உல்லாசப் படகுகள் மீண்டும் வெளிவந்தன. எனவே பழைய படகுகளை விரும்புவோரிடையே 'போருக்கு முந்தியது', 'போருக்குப் பிந்தியது' என்னும் பாகுபாடு பெரிதாகப் பேசப்படுகின்றது. முந்தியதற்கு மதிப்பும் அதிகம், விலையும் அதிகம்.

அவ்வாற்றங்கரையில் வாழும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் இளைப்பாறிய பள்ளி ஆசிரியர். தந்தையார் காலமானபின் வீட்டின் பின்புறத்துக் கொட்டிலைத் திறக்கின்றார். தூசியும் சிலந்தி வலையும் மூடிய நிலையில், சுமார் 17 அடி நீளமான மரப்படகொன்று கட்டைகளின்மேல் இருக்கின்றது. அதற்கு வெள்ளை வர்ணம் பூசியிருக்கின்றது. பெயர்த் தகடு இல்லை. விற்பனைச் சீட்டும் இல்லை. ஆனால் தந்தையின் சொல் ஒன்று இருக்கின்றது. "இது 1941ஆம் ஆண்டுப் படகு, போருக்கு முன் கட்டிய கடைசிப் படகுகளுள் ஒன்று" என்று அவர் விருந்தினர்க்கெல்லாம் சொல்லி வந்தார். சிறு பராயம் முதல் அச்சொல்லைக் கேட்டே மகன் வளர்ந்தவர். படகைச் செப்பனிட்டு, அதன் பெயரும் ஆண்டும் பொறித்த சிறு பித்தளைத் தகடொன்றை முகப்பிலே பதித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தந்தைக்கு அதுவே நினைவுச் சின்னமாகும்.

நண்பர்கள், முதலில் வர்ணத்தைச் சுரண்டி, உக்கிய பலகைகளைக் கழற்றி எறியுமாறு கூறுகின்றனர். அவர் அவ்வாறு செய்தாரல்லர். அவசரப்பட்டுச் சுத்தம் செய்தவர்கள் சான்றையும் சேர்த்துக் கழுவிவிட்ட கதைகள் பல. அவர் முதலில் அளக்கின்றார். மொத்த நீளம், நடுவகலம், அணியத்தின் சாய்வு, இருக்கைக் குழிகள் எத்தனை, இயந்திரம் அவற்றுக்கு முன்னா பின்னா என்பனவெல்லாம் குறிக்கப்படுகின்றன. கழன்றுபோன உலோகப் பொருத்துக்கள் விட்டுச் சென்ற திருகாணித் துளைகளையும் அவர் படியெடுக்கின்றார். பொருத்து இல்லாவிடினும், துளைகளின் இடைவெளி அது எவ்வடிவினது என்பதைக் காட்டிவிடும். திருகாணியின் தலையும் பேசும். சிலுவைக் கீறலுடைய பிலிப்ஸ் திருகாணி 1936இல் காப்புரிமை பெற்றது. ஆதலால் அது படகின் மூலப் பகுதியில் இருக்குமாயின், படகு அதற்கு முற்பட்டதாதல் இயலாது. ஆயினும் பழுதுபார்த்தவர் பின்னர் செலுத்திய திருகாணி எதனையும் நிறுவாது. எது மூலம், எது பிற்சேர்க்கை எனப் பிரித்தறிவதே இங்கு முதல் வேலை.

பின்சுவரை அவர் பார்க்கின்றார். எண் எதுவும் இல்லை. இந்த இன்மையும் ஒரு செய்தியே. 1971ஆம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின்வழி, 1972 நவம்பர் முதலாந் திகதி தொடக்கம் அந்நாட்டிற் கட்டப்படும் படகு பன்னிரண்டு குறிகள் கொண்ட அடையாள எண்ணைப் பின்சுவரின் வலப்புறத்தில் தாங்குதல் வேண்டும். முதல் மூன்றெழுத்துக்கள் கட்டிய நிறுவனத்தையும், அடுத்த ஐந்து குறிகள் தொடரிலக்கத்தையும், இறுதி நான்கு காலத்தையும் சுட்டும். அந்த நான்கையும் வாசிப்பதிலுங்கூட வழுக்குமிடம் உண்டு. 'எம்74டி' என முடியும் எண், 1974ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்ததும் 1973 நவம்பரிற் கட்டப்பட்டதுமான படகைக் குறிக்கும். அம்முறையில் மாதக் கணக்கு ஆகஸ்டிலே தொடங்குகின்றது. 1984 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய முறையிலோ கணக்கு ஜனவரியில் தொடங்குகின்றது. 'டி585' என்பது 1985 ஏப்ரிலைச் சுட்டும். ஒரே எழுத்து, ஒரு முறையில் நவம்பர், மற்றொன்றில் ஏப்ரில். எழுத்தைத் தெரிந்திருந்தாற் போதாது, எக்காலத்து வழக்கென்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். கொட்டிலில் உள்ள படகு இவ்வெண்கள் தோன்றுமுன் பிறந்தது என்பது மட்டும் இப்போது உறுதியாகின்றது.

தமிழ் கற்போர்க்கு இவ்வகை ஆராய்ச்சி புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது அவர் முன்னிருந்தவை செல்லரித்த ஏடுகளே. ஏட்டின் வயது வேறு, அதில் எழுதிய நூலின் வயது வேறு. படியெடுத்தோன் பிழையும் உண்டு, இடைச்செருகலும் உண்டு. படகிலும் அப்படியே. முதலிற் கட்டியவன் வைத்த பலகையும், பின்வந்தவன் செருகிய பலகையும் ஒரே வர்ணத்தின்கீழ் ஒன்றுபோற் கிடக்கும்.

வர்ணத்தின் ஒரு மூலையை மட்டும் ஆசிரியர் மெல்லச் சுரண்டுகின்றார். உள்ளே செம்பழுப்பு மகோகனி தோன்றும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தோன்றியதோ வெளிறிய, கனமற்ற சீடர் மரம். ஒரு பலகை மட்டும் மாற்றப்பட்டதோ என எண்ணி வேறு மூன்று இடங்களிலும் சோதிக்கின்றார், எங்கும் சீடரே. போர் முடிந்த கையோடு பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து வரவேண்டிய மகோகனிக்குத் தட்டுப்பாடு ஏற்பட, 1946, 1947 ஆகிய ஆண்டுகளில் இந்நிறுவனம் தன் படகுகள் சிலவற்றுக்குச் சீடரைப் பயன்படுத்தியது. தந்தையின் சொல்லில் முதல் விரிசல் இவ்விடத்திலேதான் விழுகின்றது.

பின்னர், படகின் உள்ளே, இயந்திரத்தைத் தாங்கும் நெடுஞ்சட்டத்தின் மேற்புறத்தில், எண்ணெய்க் கசடு படிந்த ஓரிடத்தைத் துணியால் துடைக்கும்போது, மரத்திலே அழுத்திப் பதித்த எண் வெளிப்படுகின்றது. ஓர் எழுத்து, அதனையடுத்து 17, அதனையடுத்துத் தொடரிலக்கம். போருக்கு முந்திய எண்கள் வெறும் இலக்கங்களாலானவை. வகைக்கு ஓர் எழுத்தும், நீளத்துக்கு ஓர் எண்ணுமாக அமைந்தவை போருக்குப் பிந்தியவை. ஓலையின் எழுத்தமைதி காலத்தைக் காட்டுவதுபோல, இங்கு எண்ணின் அமைதியே காலத்தைக் காட்டிவிடுகின்றது.

கடைசிச் சான்று வேறிடத்திலிருந்து வருகின்றது. கிறிஸ்-கிராப்ட் நிறுவனம் தான் கட்டிய படகு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வந்தது. வகை, இயந்திரத்தின் எண், அனுப்பிய நாள், பெற்றுக்கொண்ட விற்பனையாளர் ஆகிய விபரங்கள் அதில் இடம்பெறும். அவ்வட்டைகள் இன்று வேர்ஜினியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் நகரிலுள்ள கடலோடிகள் அரும்பொருளகத்திற் பேணப்படுகின்றன. எண்ணை எழுதி அனுப்பினாற் பிரதி கிடைக்கும். ஆசிரியருக்கும் கிடைக்கின்றது. படகு அனுப்பப்பட்ட ஆண்டு 1947.

அட்டையில் குறித்துள்ள இயந்திர எண்ணும் படகிலுள்ள இயந்திரத்தின் எண்ணும் பொருந்தவில்லை. இயந்திரம் எப்போதோ மாற்றப்பட்டுவிட்டது. இயந்திரத்தை வைத்துப் படகின் வயதைக் கணிப்போர் ஏமாறுவது இப்படித்தான். படகின் பின்புறத்தில் மாட்டப்படும் இயந்திரங்களிலோ இவ்வாபத்து இன்னும் பெரிது. அவை படகு விட்டுப் படகு தாவுவன. ஜோன்சன், எவின்றூட் இயந்திரங்கள் 1980 முதல் தம் ஆண்டை மாதிரி எண்ணுக்குள்ளேயே மறைத்து வைத்தன. 'அறிமுகப்படுத்துகிறது' எனப் பொருள்படும் பத்தெழுத்து ஆங்கிலச் சொல்லொன்றின் எழுத்துக்கள் முறையே ஒன்று முதல் ஒன்பதும், பின் சுழியுமாக நிற்கும். இத்திறவுகோலால் இயந்திரத்தின் ஆண்டை நொடியில் அறியலாம். படகின் ஆண்டை அறிதல் ஆகாது.

இப்போது தகட்டில் எதைப் பொறிப்பது? அயலவர் ஒருவர், "அப்பா சொன்னதையே போட்டுவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? விற்றாலும் நல்ல விலை வரும்" என்கின்றார். அவ்வார்த்தையில் அன்பும் இல்லாமலில்லை. ஆசிரியர் பல நாள் தகட்டைப் பொறிக்கக் கொடாது தயங்குகின்றார். தந்தை பொய் சொன்னாரா? அல்லது அவருக்கு விற்றவன் சொன்னதை நம்பினாரா? அட்டை இதற்கு விடை சொல்லாது. ஆனால் ஒன்று அவருக்குப் புலனாகின்றது. தந்தை அப்படகை ஓட்டிச் சென்ற கோடைகாலங்களும், அணியத்தில் இருந்த சிறுவனின் முகத்தில் தெறித்த ஆற்று நீரும் 1941ஐ நம்பி நிற்பவையல்ல. ஆண்டு மாறியதால் அவற்றுள் ஒன்றும் குறைந்துபோகவில்லை. தவறான ஆண்டைப் பித்தளையிற் பொறித்தாலோ, பின்வரும் ஒருவர் அதனைச் சான்றென நம்புவார். ஒரு குடும்பத்தின் நினைவுத் தவறு அன்று முதல் வரலாற்றுப் பிழையாகிவிடும்.

தகட்டில் 1947 என்றே பொறிக்கப்படுகின்றது.

ஆயினும் வினா முற்றாக ஓய்ந்துவிடவில்லை. இவ்வகைப் படகின் அடித்தளம் ஈரடுக்குப் பலகையும் இடையே கித்தான் துணியுமாக அமைந்தது. பல்லாண்டு நீர் கண்ட அடித்தளத்தை முழுதும் மாற்றாமல் ஆற்றில் இறக்குதல் ஆபத்து. வங்குகள் சிலவும் மாறவேண்டும். அத்தனையும் மாறியபின் இது 1947ஆம் ஆண்டுப் படகுதானா? ஆசிரியர் தச்சனிடம் ஒன்றையே வற்புறுத்துகின்றார்: எண் பதிந்த அந்த நெடுஞ்சட்டத்தை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. மாற்றிய பலகை ஒவ்வொன்றின் உட்புறத்திலும், மாற்றிய ஆண்டைப் பென்சிலால் அவரே எழுதி வைக்கின்றார். இனியொரு காலத்தில் அக்கொட்டிலைத் திறந்து, துணியும் விளக்கும் கையுமாகக் குனிந்து பார்க்கப்போகும் யாரோ ஒருவருக்கு, எது பழையது, எது புதியது என்பது மயக்கமின்றித் தெரியும்.