வானிலும் மண்ணிலும்

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கை இருவகையில் காணும் பேறு, குருக்கள் இருவராகிய எங்களுக்குக் கிட்டியது. முதல் நாள் ஹெலிகாப்டரில் பறந்தோம். மறுநாள் கால்களை நம்பி இறங்கினோம்.

பைன் மரக்காட்டின் மீது பறந்துகொண்டிருக்கையில், எங்களுக்கடியில் நிலம் திடுமென அற்றுப்போயிற்று. 446 கிலோமீட்டர் நீளமும், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்ட அப்பள்ளத்தில் ஆறு நூலிழையாய்த் தெரிந்தது. நெஞ்சு படபடத்தது, நா எழவில்லை. ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசியப் பூங்காவில் சுற்றுலா வானூர்திகள் விளிம்புக்குக் கீழே இறங்கலாகாது. பரப்பைக் கண்டோம்; அருகில் எதையும் காணவில்லை.

பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கியபோதோ பாறையின் நிறம் படிப்படியாக மாறிற்று. விளிம்பிலுள்ள சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 27 கோடி ஆண்டுப் பழமையுடையது. 7 கிலோமீட்டர் நடந்து நாங்கள் சேர்ந்த இடத்துப் பாறைக்கு வயது ஏறத்தாழ 50 கோடி. மேலிருந்து பசும்புள்ளியாய்த் தெரிந்த அவ்விடத்தில் ஓடையும் மரநிழலும் இருந்தன. ஹவாசுபாய்ப் பழங்குடியினர் அங்குப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். 1919இல் தேசியப் பூங்கா அமைந்தது. 1928இல் அவர்களில் கடைசியாக எஞ்சியவரும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். ஹவாசுபாய்த் தோட்டம் என்னும் பெயர் 2022இல்தான் அவ்விடத்திற்குச் சூட்டப்பட்டது.

எங்களுக்கு இளைப்பாற இடம் தந்த நிழல், ஒரு காலத்தில் எவரோ ஒருவரின் வீட்டு முற்றம். மூட்டு நோக, மூச்சு வாங்க மேலேறியபோது அவ்வெண்ணமே உடன் வந்தது. பறப்பவருக்கு நிலம் ஒரு காட்சி; இறங்கி நடப்பவருக்கு அது பிறர் வாழ்ந்த வீடு.