தும்பு பிடித்து வந்தது

2013-இல் எனக்கு வேலை கிடைத்திருந்தது, வேலையில் சேரும் தேதிதான் கிடைக்கவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் எடுத்துவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்று வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். நெகமம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் இருந்துகொண்டு, காலையும் மாலையும் எங்கள் பாலையும் பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவின் பாலையும் டிவிஎஸ் எக்ஸலில் வைத்து சொசைட்டியில் ஊற்றி வருவதுதான் அப்போதைய உத்தியோகம். "இன்ஜினியர் வந்துட்டாரு, வழி உடுங்க" என்று சொசைட்டியில் சிரிப்பார்கள்.

ஆத்தாவுக்குப் பிள்ளைகள் திருப்பூரில். இரண்டு மாடு, ஒரு கிடாரிக் கன்று. பால் பணம்தான் மளிகை, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம். என்னைக் 'கண்ணு' என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா பொள்ளாச்சி சந்தைக்குப் போனார். நானும் போனேன். ஆந்திரா, கர்நாடகா என்று எங்கிருந்தெல்லாமோ மாடு வந்து இறங்கும். பாதிக்கு மேல் மறுபடி லாரி ஏறி கேரளாவுக்குப் போய்விடும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி, செவலையாக ஒரு சிந்து மாட்டை அப்பா முடித்தார். இரண்டாம் ஈத்து, நல்ல மடி. "ஊசியெல்லாம் போட்டாச்சுங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஆச்சுங்க" என்றார் யாவாரி. அவ்வளவுதான் ரெக்கார்டு. வண்டியை விட்டு இறக்கி, வீடுவரை தும்பைப் பிடித்து வந்தது நான்.

வியாழன் சாயங்காலம் அது தட்டு சரியாகத் தின்னவில்லை. வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டே நின்றது. அப்பா தாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலை நூல் நூலாக எச்சில் ஒழுகியது. சனிக்கிழமை காலை குளம்புக்கு நடுவே புண் வெடித்திருந்தது. கோமாரி. எங்கள் பக்கம் காணை என்பார்கள். அந்த வருடம் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராக அடித்துக்கொண்டிருந்தது அதுதான்.

வியாழனுக்கும் சனிக்கும் நடுவே நான் ஆத்தாவின் கட்டுத்தறிக்கு நாலு முறை போய் வந்திருந்தேன். எங்கள் கட்டுத்தறியில் நடந்த அதே செருப்போடு.

*

மாட்டுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

கோமாரி வைரஸ் ஒரு சின்னஞ்சிறு உருண்டை. நான்கு வகைப் புரதம், வகைக்கு அறுபது வீதம் அடுக்கிய ஓடு. குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். உள்ளே ஒற்றை ஆர்என்ஏ இழை. அதில் எழுதியிருப்பது சுமார் 8,400 எழுத்து, எழுத்தோ நான்கே வகை. கணக்குப் போட்டால் இரண்டு கிலோபைட் சொச்சம். வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

இதற்குக் கால் கிடையாது, வாய் கிடையாது, மூச்சு கிடையாது. வெளியே கிடக்கும்போது தூசிக்குச் சமம். மாட்டின் தொண்டை செல்லுக்கு மேலே சில புரதக் கைப்பிடிகள் உண்டு. செல் தன் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ள வைத்திருப்பவை. வைரஸின் ஓட்டில் அவற்றுக்குப் பொருந்தும் ஒரு துருத்தல் இருக்கிறது. அது மாட்டியதும் செல் அதை ஒரு பையில் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலம் ஏறுகிறது. அமிலம் பட்டால் ஓடு உடையும். ஆர்என்ஏ வெளியே வரும். உடைத்துக்கொண்டு யாரும் நுழையவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்தது செல்தான்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கல்யாண வீட்டுச் சமையல் பந்தலாக நினைத்துக்கொண்டால் எனக்குப் புரிகிறது. செல்லில் ரைபோசோம் என்ற சமையல்காரர் இருக்கிறார். சீட்டு வந்தால் சமைப்பார், யார் எழுதினது என்று கேட்க மாட்டார். ஆனால் வீட்டுக்காரரின் சீட்டுக்குத் தலைப்பில் ஒரு முத்திரை இருக்கும். அதைப் பார்த்துச் சமையல்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் உண்டு. வைரஸின் சீட்டுக்கு முத்திரை கிடையாது. அதன் ஆர்என்ஏ ஓரிடத்தில் மடிந்து நிற்கிற வாகு, ரைபோசோமை நேராகப் பிடித்துக்கொள்கிறது. அப்படிச் சமைத்து வரும் முதல் புரதமே ஒரு கத்தரி. அது போய் முத்திரை பார்க்கும் ஆளை வெட்டிவிடும். இனிமேல் வீட்டுக்காரர் சீட்டு செல்லாது. பந்தலில் வேகிறதெல்லாம் வைரஸின் சோறு. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான பிரதிகள். செல் வெடிக்கும், பக்கத்துச் செல்லுக்குப் போகும். நாக்கில் கொப்புளமாகவும் குளம்பில் புண்ணாகவும் நாம் பார்ப்பது இதன் கடைசிக் காட்சியை.

பிரதி எடுக்கும்போது பிழை திருத்துவதும் இல்லை. ஏறக்குறைய ஒரு பிரதிக்கு ஒரு பிழை. பெரும்பாலான பிழை வீண். ஒன்றிரண்டு பிழைத்துக்கொள்ளும். இப்படி மாறி மாறித்தான் உலகத்தில் கோமாரி ஏழு வகையாக இருக்கிறது. இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று. ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. அதனால்தான் மூன்றையும் சேர்த்த ஊசி.

இதையெல்லாம் படித்தபோது நான் நிறுத்திய இடம் வேறு. புண் தெரிவதற்கு முன்பே, சில சமயம் இரண்டு மூன்று நாள் முன்பே, மாட்டின் பாலிலும் மூச்சிலும் எச்சிலிலும் வைரஸ் வெளியே வரத் தொடங்கிவிடுகிறது. செவ்வாய் சந்தையில் அந்தச் செவலை நின்றபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஏமாற்றியது மாடும் இல்லை, ஒருவேளை யாவாரியும் இல்லை.

*

சனிக்கிழமை மத்தியானம் அப்பா ஆத்தாவின் சாளைக்குப் போய்ச் சொன்னார். "ஏனுங்கக்கா, நம்ம மாட்டுக்குக் காணை வந்திருச்சுங்க." ஆத்தா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவர் மாட்டுக்கும் எச்சில் ஒழுகியது. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவினோம். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, புண்ணில் சீழ் பிடிக்காமல் பார்க்கலாம் என்றார். பெரிய மாடுகள் தேறின. கன்று தேறவில்லை. கன்றுகளுக்கு இந்த வைரஸ் இதயத் தசையில் இறங்கும். காலையில் துள்ளிக்கொண்டு தாயிடம் குடித்தது, பத்து மணிக்கு விழுந்துவிட்டது.

குழி வெட்டினது நானும் அப்பாவும். ஆத்தா அப்பாவிடம் பேசவில்லை. என்னிடம்தான் சொன்னார்: "முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கன்னுக்குட்டியவாச்சும் பிரிச்சுக் கட்டியிருப்பேன் கண்ணு."

அப்பா ஏன் சொல்லவில்லை? பிற்பாடு நானே கேட்டேன். "காணையா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சா சொசைட்டில பால் எடுக்க மாட்டாங்கல்ல" என்றார். கடன் வாங்கி வாங்கிய மாடு. முப்பத்து நாலாயிரம்.

வியாழனே சொல்லியிருந்தால் கன்று பிழைத்திருக்குமா? செருப்பில் போனதா, பால் கேனில் போனதா, காற்றில் போனதா? வியாழனுக்குள்ளேயே தாயின் பாலில் இறங்கிவிட்டதா? எனக்கு இதற்கு விடை வரவே வராது. ஆபீசில் ஒரு சர்வர் விழுந்தால் லாக் ஃபைலைத் தோண்டி எந்த நிமிடம் எந்த வரியில் விழுந்தது என்று சொல்லிவிடுவேன். எங்கள் கட்டுத்தறிக்கும் ஆத்தாவின் கட்டுத்தறிக்கும் நடுவே அப்படி ஒரு லாக் இல்லை. இருந்தது ஒரு வார்த்தைக்கான இடம். அது காலியாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு தரகர் வந்தார். "பாதி விலைக்குக் குடுத்துருங்க, நைட்டோட நைட்டா லாரி ஏத்திக்கறேன்." எனக்கு நியாயமாகப் பட்டது. கடனில் பாதியாவது தீரும். அப்பா முடியாது என்றார். இரண்டாவது முறை வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினார். சலவை சோடாவைக் கரைத்துத் தினம் கட்டுத்தறியைக் கழுவினார். இந்த வைரஸ் அமிலத்துக்கும் தாங்காது, காரத்துக்கும் தாங்காது. அந்தக் கறவையில் பால் பழையபடி திரும்பவே இல்லை. கடன் என் சம்பளம் வந்த பிறகுதான் அடைந்தது.

*

ஆத்தா மறுபடி பேசியது பொங்கல் சமயத்தில். பேச்சுவாக்கில் வெக்கை நோயைப் பற்றிச் சொன்னார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பட்டியோடு மாடு செத்ததாம். "இப்ப அந்த நோவு எங்க போச்சுன்னே தெரியல" என்றார்.

எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். இந்தியாவில் வெக்கை கடைசியாக வந்தது 1995-இல், அதுவும் தமிழ்நாட்டில்தான். 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது. அதற்குச் சாதகங்கள் இருந்தன: ஒரே ஊசி எல்லா வெக்கைக்கும் போதும், தேறிய மாடு ஆயுசுக்கும் தப்பித்தது, ஒளித்துவைத்துச் சுமப்பதும் இல்லை. கோமாரிக்கு இது எதுவும் இல்லை. தேறிய மாட்டின் தொண்டையில் வருடக்கணக்கில்கூட இருந்துவிடும். ஆனால் வெக்கையும் ஊசியால் மட்டும் ஒழியவில்லை. ஆப்பிரிக்காவில் கடைசிக் கட்டத்தில், மாடு மேய்ப்பவர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் ஒளிந்திருந்த இடங்களைக் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒருவர் வாயைத் திறந்து, எங்கள் மாட்டுக்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது.

2019-இல் மத்திய அரசு கோமாரிக்குத் தேசியத் திட்டம் கொண்டுவந்தது. வருடத்துக்கு இரண்டு ஊசி, காதில் பன்னிரண்டு இலக்கத் தோடு, 2030-க்குள் ஒழிப்பது இலக்கு. இப்போது அப்பா சந்தைக்குப் போனால் மடியைப் பார்ப்பதற்கு முன்பு காதைப் பார்க்கிறார்.

2022-இல் தோல் கட்டி நோய் பரவிக்கொண்டிருந்தபோது நான் பெங்களூரில் இருந்தேன். வீட்டில் ஒரு மாட்டின் கழுத்தில் இரண்டு கட்டி. அப்பா டாக்டருக்குப் போன் போடவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, பக்கத்து மூன்று தோட்டத்து வாசலிலும் தள்ளி நின்று சொல்லிவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து தடவிப் பார்த்து, ஏதோ பூச்சி கடித்த வீக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வீட்டிலும் சிரிப்பு.

ஆத்தா மட்டும் சிரிக்கவில்லையாம். "ஒண்ணும் இல்லீன்னாலும் இப்புடியே சொல்லிப்போடு தம்பி" என்றாராம்.