இடமும் காலமும்

பள்ளியில் தமிழாசிரியனாக 35 ஆண்டுகள் பணியாற்றினேன். அவ்வாண்டுகளில் தவறாமல் நான் கற்பித்த பாடங்களுள் ஒன்று, முதற்பொருள் என்பது. நிலத்தையும் பொழுதையும் தொல்காப்பியர் முதற்பொருள் என்றார். உலகில் நிகழும் எச்செயலும் ஓர் இடத்தில் நிகழ்கிறது. ஒரு காலத்தில் நிகழ்கிறது. இவ்விரண்டும் இன்றி வாழ்வு இல்லை. இதனைப் பல நூறு மாணவர்க்கு எடுத்துரைத்த நான், அதன் உண்மையை முற்றும் உணர்ந்தது ஓய்வு பெற்ற பின்னரே. உணர்த்தியது ஏடும் அன்று; எழுத்தாணியும் அன்று. தேங்காய் மூடியளவே உள்ள ஒரு சிறு கருவி.

எங்கள் வீடு திருவையாற்றில், காவிரிக் கரைக்கு அண்மையில் உள்ளது. என்னுடன் என் தமக்கையார் வாழ்ந்து வருகிறார். அவருக்கு வயது 81. கண்ணில் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பை நலிவிக்கும் நோயினால், அவருடைய பார்வை பெரிதும் மங்கிவிட்டது. இழந்த பார்வை மீளாது. எஞ்சியதையேனும் காத்தல் வேண்டும். அதற்காக நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவர் கண்களில் மருந்து இட்டுக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. கடிகாரத்தைக் காண இயலாத அவர், “தம்பி, மணி என்ன?” என்று அடிக்கடி கேட்பார். நான் வெளியே சென்றுவிட்டால் கேட்பதற்கும் ஆள் இல்லை.

சிங்கப்பூரில் பணிபுரியும் என் மகன் இக்குறையை அறிந்திருந்தான். சென்ற ஐப்பசி மாதம் ஊருக்கு வந்தபோது, தான் அங்கே பயன்படுத்தி வந்த பேசும் கருவியைத் தன் அத்தைக்கென்று கொண்டுவந்தான். ‘ஸ்மார்ட் ஸ்பீக்கர்’ என்று இளைஞர் வழங்குவது அதுவே. ஆங்கிலத்தில் வினவினால் ஆங்கிலத்தில் விடை கூறும். என் தமக்கையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மணி கேட்டறியும் அளவிற்கு ஆங்கிலம் அறிவார். மகன் அதனை எங்கள் வீட்டு வைஃபை இணைப்பில் சேர்த்து, அதனை ஆளும் செயலியை என் கைப்பேசியிலும் அமைத்துவிட்டு, மூன்றாம் நாள் விமானம் ஏறினான்.

அன்று மாலை நாங்கள் இருவரும் கருவியின் முன் அமர்ந்தோம். “நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மருந்தை நினைவூட்டுக” என்றேன், ஒப்புக்கொண்டது. அதன் புலமையைச் சோதிக்கும் எண்ணம் எனக்கு எழுந்தது. ஆசிரியன் பழக்கம் எளிதில் போகுமா? மங்கோலியாவின் தலைநகர் எது என்றேன், உலான்பாத்தர் என்றது. உலகின் மிக உயர்ந்த சிகரம் எது என்றேன், எவரெஸ்ட் என்றது. வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. “இங்கு நாளை மழை பெய்யுமா?” என்று கேட்டேன். “உங்கள் இருப்பிடம் எனக்குத் தெரியவில்லை” என்றது கருவி.

நான் உரக்க நகைத்தேன். “உலகமெல்லாம் அறிந்த உனக்கு, நீ இருக்கும் இடம் தெரியவில்லையா?” என்று ஏளனம் செய்தேன். மழையைப் பற்றிக் கருவி கூறித்தான் நாம் அறியவேண்டுமா என்று எண்ணி, அதனை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கச் சென்றேன்.

இரவில் நல்ல மழை. திடீரென்று விழித்தேன். கூடத்தில் விளக்கு எரிந்தது, வாயிற்கதவு திறந்திருந்தது. விரைந்து சென்று பார்த்தேன். திண்ணையில், ஈரக் கூந்தலோடு, குளிரில் நடுங்கியபடி என் தமக்கையார் அமர்ந்திருந்தார்.

“தம்பி, கருவி ஆறு மணி என்று எழுப்பிற்று. மருந்து இட்டுக்கொண்டேன், கிணற்றடியில் நீராடியும் வந்துவிட்டேன். ஆனால் ஒரு காக்கைகூடக் கரையவில்லை. பால்காரர் மிதிவண்டியின் மணியும் கேட்கவில்லை. கண்தான் போயிற்று, இப்போது காதும் போய்விட்டதோ என்று அஞ்சுகிறேன்” என்றார்.

அவர் குரல் தழுதழுத்தது. சுவர்க் கடிகாரத்தை நோக்கினேன். மணி மூன்று ஐம்பத்தைந்து! கருவியைக் கேட்டேன். ஆறு மணி இருபத்தைந்து நிமிடம் என்று ஐயமின்றிக் கூறிற்று. மழையில் நனைந்த எங்கள் கிணற்றடி பாசி படிந்தது. அந்த நள்ளிருளில் அவர் கால் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே நெஞ்சம் பதறியது.

பொழுது விடிந்ததும் பக்கத்து வீட்டு மாணவனை அழைத்தேன். அவன் ஒன்பதாம் வகுப்பில் பயில்பவன். முதலில் கருவியின் மின்னிணைப்பை நீக்கி, சிறிது நேரம் சென்றபின் மீண்டும் கொடுத்தான். பழைய விடையே வந்தது. இணைய இணைப்பை ஆராய்ந்தான்; அதில் குறையில்லை. பின்பு, இருப்பிடத்தை அறியும் அனுமதி செயலிக்கு உண்டா என்று என் கைப்பேசியில் பார்த்தான். இல்லாதிருந்த அனுமதியை வழங்கினான். இப்போது கைப்பேசி நாங்கள் திருவையாற்றில் இருப்பதைக் காட்டிற்று. கருவியோ தெரியவில்லை என்றே கூறிற்று.

“கைப்பேசிக்குத் தெரிந்த இடம் அதனோடு சேர்ந்த கருவிக்கு ஏன் தெரியவில்லை?” என்று வினவினேன்.

“ஐயா, கைப்பேசிக்குள் ஜி.பி.எஸ். ஏற்பி உள்ளது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தாம் நேரத்தைக் குறித்து அனுப்பும் அலைகளை அது பெறுகிறது. நான்கு கோள்களின் அலைகளாவது கிடைத்தால், அவை வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இந்தக் கருவிக்குள் அத்தகைய ஏற்பி இல்லை. இணைய இணைப்பின் எண்ணைக் கொண்டு ஊரை ஊகிக்கலாம். ஆனால், அந்த எண் இணைப்பைத் தரும் நிறுவனத்திற்கு உரியது. ஆதலால் திருவையாற்றில் இருப்பவரைச் சென்னையில் இருப்பதாகவும் அது காட்டிவிடும். நாமே முகவரியைச் சொல்லிவைப்பதுதான் வழி” என்றான் அவன்.

செயலியில் கருவிக்குரிய அமைப்புப் பகுதியைத் திறந்தான். இருப்பிடம் என்னும் கட்டம் வெறுமையாக இருந்தது. சிங்கப்பூரை விட்டுப் புறப்படும்போது என் மகன் அங்குள்ள முகவரியை அழித்திருக்கிறான். புதிய முகவரியை எழுத மறந்திருக்கிறான். அதன் கீழே நேரக் கணக்கு என்னும் மற்றொரு கட்டம் இருந்தது. அது மட்டும் மாற்றப்படாமல் சிங்கப்பூர் என்றே நின்றது. கிரீன்விச் நேரத்திற்குச் சிங்கப்பூர் நேரம் எட்டு மணி முந்தியது, 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படும் இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது. இரண்டிற்கும் இடையே இரண்டரை மணி வேறுபாடு. திருவையாற்றில் மூன்றரை மணி ஆனபோது சிங்கப்பூரில் ஆறு மணி. கருவி பொய் சொல்லவில்லை. தான் முன்பு இருந்த ஊரின் காலத்தை, இப்போது இருக்கும் ஊரில் சொல்லிற்று.

வீட்டு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றைப் பிழையின்றி எழுதினோம். நேரக் கணக்கையும் இந்தியாவிற்கு மாற்றினோம். “இப்போது கேளுங்கள், ஐயா” என்றான். மணி கேட்டேன், சுவர்க் கடிகாரமும் அதுவும் ஒத்தன. “இங்கு இன்று மழை பெய்யுமா?” என்றேன். திருவையாற்றில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்றது.

‘இங்கு’ என்னும் சொல்லில் உள்ள இகரத்தை அண்மைச் சுட்டு என்று எத்தனை முறை கற்பித்திருக்கிறேன்! சொல்பவன் எங்கே நிற்கிறான் என்பது தெரிந்தாலன்றி அச்சொல்லுக்குப் பொருள் விளங்காது. அதனைக் கரும்பலகையில் எழுதிய கை, கருவிக்கு அதனை எழுதிவைக்கவில்லை.

மாணவர்களே, திருக்குறளில் காலமறிதலும் இடனறிதலும் அடுத்தடுத்து அமைந்த அதிகாரங்கள். இடத்தை அறியாதவனுக்குக் காலமும் பிழைக்கும் என்பதை அன்றைய விடியல் எனக்குக் காட்டிற்று. வேறொன்றையும் காட்டிற்று. முதல் நாள் மாலையிலேயே அக்கருவி தன் குறையை மறைக்காமல், தெரியவில்லை என்று கூறிவிட்டது. ஏன் தெரியவில்லை என்று அப்போதே நான் ஆராய்ந்திருந்தால், என் தமக்கையார் இருளில் கிணற்றடிக்குச் சென்றிருக்கமாட்டார். தெரியவில்லை என்ற சொல் நகைப்பதற்கு உரியதன்று. எழுந்து ஆவன செய்வதற்கு உரியது.

நடந்ததை எல்லாம் என் தமக்கையாரிடம் விளக்கிக் கூறினேன். “அப்படியானால் என் காதுக்கு ஒரு குறையும் இல்லை!” என்று அவர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சியைக் கண்ட பிறகே என் மனம் அமைதியுற்றது. இன்றும் நாள்தோறும் காலை ஆறு மணிக்குக் கருவி அவரை அழைக்கிறது. அவர் உடனே எழுவதில்லை. சிறிது நேரம் செவி சாய்த்திருப்பார். வெளியே காக்கை கரையும். பால்காரர் மணி ஒலிக்கும். அதன் பின்னரே மருந்துப் புட்டியை நோக்கி அவர் கை நீளும்.